நீதியரசர் தோர்ன்பியின் தமிழ்

நீதியரசர் எட்மண்ட் தோர்ன்பிக்குத் தமிழில் இரண்டு சொற்கள் தெரியும். அந்த இரண்டு சொற்களில் ஏறித்தான் அவர் கூட்டாட்சி மேன்முறையீட்டு மன்றத்தின் தலைமைக் கதிரையில் போய் உட்கார்ந்தார். சொற்கள் கிருபானந்தனுடையவை. அவன் அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. வாயிலிருந்து விழுந்ததை அரசாங்கம் பொறுக்கி எடுத்துக்கொண்டது.

கிருபானந்தன் முல்லைத்தீவிலிருந்து படகில் வந்தவன். சிட்னியின் பிளாக்டவுன் பகுதியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்தான். குளியலறை ஓடு விற்கும் கிடங்கில் பெட்டி தூக்கினான். மனைவி வசந்தினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு இங்கே தங்க உரிமை கிடைத்திருந்தது. மகள் ஆரணி இங்கேயே பிறந்து இங்கிலிஷிலேயே அடம்பிடித்தாள். ஆனால் படகில் வந்தவன் மனைவி பேரைச் சொல்லி விசா கேட்க முடியாது. திரும்பிப் போனால் தன் உயிருக்கு ஆபத்து என்று தானே நிறுவ வேண்டும்.

அதற்கு அவனிடம் இருந்த கதை சின்னது. தம்பி சிறியைச் சில ஆட்கள் விசாரணைக்கென்று வீட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறி வரவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர்கள் கேட்ட பெயர் கிருபானந்தன். அவ்வளவுதான் வழக்கு. தேத்தண்ணி ஆறுமுன் சொல்லி முடித்துவிடலாம்.

தீர்ப்பாயத்தில் அவனை விசாரித்த அம்மையார் நல்லவர். கண் துடைக்கும் தாள் பெட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் எதையும் கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் நரசிம்மன். கும்பகோணத்துக்காரர், ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு. அவருடைய தமிழில் ஒரு குறையும் இல்லை. அது கடல் தாண்டி இலங்கைப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான்.

"ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மாகிட்ட என்ன சொன்னீங்க சார்?" என்று நரசிம்மன் கேள்வியை இறக்கி வைத்தார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனான்."

நரசிம்மன் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வருவதாகத் தாயிடம் சொன்னாராம்" என்று இங்கிலிஷில் சொன்னார்.

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதைப் போட்டார்?

"எதை சார் போட்டீங்க?"

"நான் ஒண்டும் போடேல்லை."

"இப்பதானே போட்டேன்னு சொன்னீங்க?"

"ஐயா, அது போட்டு வாறன்."

"அதான் சார், எதைப் போட்டுட்டு வர்றீங்க?"

"போட்டுத்தான்."

நரசிம்மன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அம்மையார் தாள் பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தீர்ப்பு வந்தது. குறிப்பிட்ட பொருள் எது, எங்கே போடப்பட்டது என்ற கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் நழுவலாகவே பதில் சொன்னார். ஆகவே அப்படி ஒரு பொருள் இருந்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. அது என்னவென்று அறியத் தேவையில்லை, அவர் மறைக்கிறார் என்பதே போதும்.

"என்ன பொருளப்பா?" என்று வசந்தினியே இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"உனக்கும் விசரோ?"

"கேக்கிறன். அவங்கள் சும்மா எழுதுவாங்களே?"

அரசாங்க முத்திரைக்கு அப்படி ஒரு பலம் உண்டு. அன்றிரவு கிருபானந்தனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. புறப்பட்ட அன்று கையில் என்ன இருந்தது என்று வெகுநேரம் யோசித்தான். ஒரு பழைய குடை இருந்தது.

இனி நீதியரசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோர்ன்பி வக்கீலாக இருந்த காலத்தில் காப்புறுதிக் கம்பனிகளுக்காக வாதாடினார். ஆறு பெருகி வீடு மூழ்கியவர்கள் பணம் கேட்டு வந்தால், அது வெள்ளமா மழைநீரா என்று கேட்பார். மேலிருந்து வந்தால் மழைநீர், பக்கவாட்டில் வந்தால் வெள்ளம். வெள்ளத்துக்குப் பணம் இல்லை. கட்டில்மேல் ஏறி நின்றவர்களுக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஞாபகமில்லை. வீடுகள் போயின. சொற்கள் தப்பின. சொற்களைக் காப்பாற்றிய திறமைக்காகவே அவரை நீதியரசர் ஆக்கினார்கள்.

ஆனால் மன்றத்தில் அவருக்கு ஒரு மனக்குறை. அங்கே மேல்மாடி நடையில் பழைய நீதியரசர்களின் எண்ணெய் ஓவியங்கள் வரிசையாகத் தொங்கும். தன் பெயரில் ஒரு சட்ட விதி இல்லாதவருக்கு அங்கே ஆணி அடிக்கமாட்டார்கள். தோர்ன்பிக்கு விதி இல்லை. பல ஆண்டு தீர்ப்பு எழுதியும் எவரும் மேற்கோள் காட்டவில்லை. பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனைப்போல அந்த நடையில் போய்வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கிருபானந்தனின் மேன்முறையீடு வந்தது.

அவனுக்காக வந்தவள் தாரிணி. சென்னைக் குடும்பம், சிட்னியில் பிறந்தவள், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடும் நிலையத்தில் வேலை. "சிம்பிள் கேஸ் அண்ணா. மிஸ்-ட்ரான்ஸ்லேஷன். கண்டிப்பா ஜெயிப்போம்" என்றாள்.

நீதியரசர்கள் மூவரும் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து சுவரைப் பார்த்துக் குனிந்தார்கள். சுவரில் இருந்த அரசுச் சின்னத்தில் கங்காருவும் ஈமுவும் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் கிருபானந்தன் இரண்டுக்கும் பொதுவாகக் குனிந்தான்.

"அது ரெண்டுக்கும் பின்னாடி நடக்கத் தெரியாதாம் அண்ணா, அதான் செலக்ட் பண்ணாங்களாம்" என்று தாரிணி காதோடு சொன்னாள்.

"அப்ப அதுகளைத் திருப்பி அனுப்பேலாது" என்றான் அவன்.

நரசிம்மன் நேர்மையானவர். தப்பு தன்னுடையதுதான், அந்தத் தமிழில் 'போட்டு' என்றால் 'போய்விட்டு' என்று இப்போது தெரியும் என்று கூண்டில் ஏறிச் சொன்னார். தாரிணி உட்காரப் போனாள். தோர்ன்பி கையை உயர்த்தினார். அவர் குரலில் அத்தனை ஆண்டுகளாக இல்லாத ஓர் ஈரம் இருந்தது.

"அப்படியானால் சரியான மொழிபெயர்ப்பு, 'போய்விட்டு வருகிறேன்'?"

"ஆம், நீதியரசரே."

"வருகிறேன். அதாவது, திரும்பி?"

"அது ஒரு வழக்கம், நீதியரசரே. கடைக்குப் போனாலும் அப்படித்தான். செத்த வீட்டைத் தவிர எங்கேயிருந்து புறப்பட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்."

"'போகிறேன்' என்று மட்டும் சொல்ல அந்த மொழியில் வசதி இல்லையா?"

"இருக்கிறது. சொல்லமாட்டார்கள். அபசகுனம். திரும்பி வராதவர்தான் அப்படிச் சொல்வார்."

தோர்ன்பி பேனாவைக் கீழே வைத்தார். "செல்வி தாரிணி, உங்கள் கட்சிக்காரரின் வழக்கே அதுதானே? தன்னால் திரும்பிப் போக முடியாது என்பதுதானே? அதற்கென்றே ஒரு சொல்லை அவருடைய முன்னோர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அவர் ஏன் அதை எடுக்கவில்லை?"

தாரிணி பக்கங்களைப் புரட்டினாள். பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவனுடைய தம்பியைப் பற்றிச் சொன்னாள். ஏற்றிக்கொண்டு போன அன்று சிறியும் தாயைப் பார்த்து இதே சொற்களைத்தான் சொன்னான். அவன் வரவில்லை.

நீதியரசர் தலையை ஆட்டினார். உண்மையான அனுதாபத்துடன் ஆட்டினார். "நோக்கம் வேறு, நிறைவேற்றம் வேறு. அந்த இளைஞருக்குத் திரும்பி வரும் நோக்கம் இருந்தது என்பதில் இந்த மன்றத்துக்கு எந்த ஐயமும் இல்லை."

தீர்ப்பு பெரிய புத்தகமாக வந்தது. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது என்ற வாதம் முழுமையாக ஏற்கப்பட்டது. பொருள் எதுவும் போடப்படவில்லை. அந்தக் களங்கத்திலிருந்து விண்ணப்பதாரர் விடுவிக்கப்படுகிறார். சரியான மொழிபெயர்ப்பின்படி அவர் திரும்பிப் போகும் எண்ணத்துடனேயே புறப்பட்டார். திரும்பிப் போக எண்ணியவருக்கு அச்சம் இல்லை. மேன்முறையீடு தள்ளுபடி.

"வெண்டிட்டமோ தங்கச்சி?"

"ஜெயிச்சிட்டோம் அண்ணா. ஆர்கியுமெண்ட்ல நூறு சதம் ஜெயிச்சிட்டோம்." "ஆனா டிஸ்மிஸ்."

தோர்ன்பி விதி பிறந்தது இப்படித்தான்: புறப்படும் மனிதன் கடைசியாகச் சொன்ன சொல்லே அவன் நோக்கத்துக்கு முதல் சாட்சி. கீழ்மன்றங்கள் அதை விருந்துச் சோறாக அள்ளின. ஓர் ஆப்கானியர் மனைவியிடம் 'உன்னைக் கடவுளின் பாதுகாப்பில் விடுகிறேன்' என்று சொல்லிப் புறப்பட்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இரண்டாவது பாதுகாப்பை இந்த நாடு வழங்க வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. எரியும் வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஓடிவந்த பெண்ணிடம், நெடுந்தூரம் போகிறவர் சொல்லாமல் போவாரா என்று கேட்டார்கள். பிளாக்டவுனில் மளிகைக் கடைக்கு மேலே விசா முகவர் ஒருவர் வகுப்பே தொடங்கிவிட்டார். புதிதாக விமானத்தில் வருகிறவர்கள் அங்கே வரிசையில் நின்று 'போறன், போறன்' என்று சொல்லிப் பழகினார்கள். ஊரிலிருந்து தாய்மார் சத்தியக்கடதாசி அனுப்பினார்கள்: மகன் 'போறன்' என்றான், கேட்டதும் நான் மயங்கி விழுந்தேன். எல்லாக் கடதாசியிலும் தாய் ஒரே பக்கமாக விழுந்திருந்தாள். அது சந்தேகத்துக்கு இடமானது என்று அவையும் தள்ளுபடியாயின.

தோர்ன்பி மன்றத்தின் தலைவரானார். நடையில் ஆணி அடித்தார்கள். ஓவியத்தில் அவர் கையருகே ஒரு தமிழ் அகராதி திறந்திருக்கிறது. ஓவியர் இருந்ததை இருந்தபடி வரைந்தவர். அகராதியைத் தலைகீழாக வைத்தது யார் என்று தெரியாது.

இதற்குள் ஸ்ட்ராத்ஃபீல்டுத் தமிழ் மன்றம் விழித்துக்கொண்டது. செயலாளர் வெங்கட்ராமன் ஒரு வங்கியில் கணினிப் பிரிவுக்கு மேலாளர். அவர் கிருபானந்தனுக்கே போன் போட்டார்.

"நம்ம மொழிக்கு ஃபெடரல் லெவல்ல ரெகக்னிஷன் கிடைச்சிருக்கு சார்! இதுவரைக்கும் எந்தத் தீர்ப்புலயாவது தமிழ் வார்த்தை வந்திருக்கா? ஜட்ஜையா பொங்கல் விழாவுக்கு வர்றார். நீங்க முன் வரிசையில இருக்கணும்."

"ஐயா, அந்தத் தீர்ப்பில என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லியெல்லோ இருக்கு."

"அது உங்க பர்சனல் மேட்டர் சார். நான் மொழியைப் பத்திப் பேசறேன்."

போகத்தான் வேண்டும் என்றாள் வசந்தினி. "ஆளை நேரில கண்டா மனம் இளகும். ஆரணியையும் கூட்டிக்கொண்டு போவம்."

மண்டபத்தில் நீதியரசருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை கண்ணாடியில் சிக்கியது. "மொழி காத்த நீதிமான்" என்று பொறித்த கேடயத்தை வெங்கட்ராமன் கொடுத்தார். பிறகு கிருபானந்தனை மேடைக்கு ஏற்றினார்கள்.

"ஓ, நீங்கள்தானா!" தோர்ன்பி இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்தார். "என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த வழக்கு உங்களுடையது. எனக்கு அதைச் சரியாக உச்சரிக்கச் சொல்லித் தாருங்கள்."

"போட்டு வாறன்."

"போத்து வாரன்."

"வாறன். றன்."

"வாறன்!"

சபை கைதட்டியது. கைதட்டல் ஓயுமுன் கிருபானந்தன் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டான். "ஐயா, என்ர கேஸ்?"

நீதியரசரின் முகம் கண்ணியமாக மூடிக்கொண்டது. "மன்னிக்க வேண்டும். உங்களிடம் நான் எதைப் பற்றியும் பேசலாம். அது ஒன்றைத் தவிர."

படம் எடுத்தார்கள். பொன்னாடையுடன் நீதியரசர், பக்கத்தில் கிருபானந்தன், இடையில் ஆரணி கரும்பைக் கடித்தபடி.

வழக்கை மறுபடி எடுக்கும்படி கேட்டிருந்த தாரிணி, அந்தப் படத்தை வைத்துக் கடைசியாக ஒரு மனுப் போட்டாள். மனுதாரரோடு மேடையில் கைகுலுக்கியவர் அவருடைய வழக்கை மறுபடி கேட்கக் கூடாது, வேறு நீதியரசர் வேண்டும். அந்த மனுவைக் கேட்டவரும் தோர்ன்பிதான், விதி அப்படி.

"என் மனச்சாட்சியை ஆழமாகத் தேடிப் பார்த்தேன்" என்று அவர் தொடங்கினார். "இந்த மனிதரைப் பற்றி அங்கே எந்தக் கருத்தையும் காணவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மனிதராக எனக்கு இவரைத் தெரியாது. சொற்றொடராக மட்டுமே தெரியும். இதைவிட நடுநிலையான ஒரு நீதியரசர் இவருக்குக் கிடைக்கமாட்டார்." மனு தள்ளுபடி. வழக்கும் தள்ளுபடி.

எல்லோரும் எழுந்தார்கள். கிருபானந்தன் கங்காருவுக்கும் ஈமுவுக்கும் குனிந்தான். பிறகு, பெரிய மனிதர் முன்னாலிருந்து போகும்போது பேசாமல் திரும்பினால் மரியாதையில்லை என்று தாய் தவநாயகி சின்ன வயதில் மண்டையில் குட்டி ஏற்றியது, அவனைக் கேட்காமலே வாயில் வந்தது.

"அப்ப போட்டு வாறன் ஐயா."

தாரிணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் தோர்ன்பி. அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆனால் ஆவணத்துக்கு வேண்டும்.

நரசிம்மன் தன் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி சொல்வதாகக் கீதைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர். 'வணக்கம்' என்று சொல்லிவிட்டால் பொய்ச் சத்தியம், சொல்லாவிட்டால்?

"போய்விட்டு வருகிறேன் என்கிறார், நீதியரசரே."

"எங்கே வருகிறார்?"

"இங்கேதான்... இங்கேதான் சொன்னார்."

இந்த மன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் எண்ணத்தை விண்ணப்பதாரர் தம் வாயாலேயே அறிவித்துவிட்டார், ஆகவே இனி எந்த மன்றத்தின் வாசலையும் அவர் மிதிக்கக் கூடாது என்று அங்கேயே ஆணை எழுதப்பட்டது. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அன்றைக்கே அவனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

நரசிம்மன் நடைவழியில் ஓடிவந்தார். "சார், மன்னிச்சுக்குங்க சார். முதல் தடவை தெரியாமச் சொன்னேன். இப்போ தெரிஞ்சு சொன்னேன்."

"நீங்கள் சரியாத்தான் சொன்னீங்கள் ஐயா" என்றான் கிருபானந்தன். "அதுதான் பிரச்சினை."

முகாமின் பொதுக்கூடத்தில் இருந்த தொலைக்காட்சியில்தான் அவன் தோர்ன்பியின் பிரியாவிடையைப் பார்த்தான். நீதியரசர்கள் குறிப்பிட்ட வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது சட்டம். சிவப்பு அங்கிகள் நிறைந்த மண்டபத்தில் ஒருவர்பின் ஒருவராகப் புகழ்ந்தார்கள். இறுதியில் தோர்ன்பி எழுந்தார்.

"மனிதர்களின் தலைவிதியைத் தீர்மானிப்பது கடினமாக இல்லையா என்று என்னிடம் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒருநாளும் கடினமாக இருந்ததில்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்தால்தான் கடினம். நான் சொற்களைப் பார்த்தேன். என் மனைவி சொல்வாள், உங்களிடம் ஒரு நாயைக்கூட நம்பி விட முடியாது என்று. ஆனால் ஒரு வாக்கியத்தை விடலாம்." சிரிப்பு. "விடைபெறும் நேரத்தில் எனக்குப் பிடித்த மொழியில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். போட்டு வாறன்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. யாரும் பேனாவை எடுக்கவில்லை. சொன்னபடியே அவர் வந்தார். நாடு கடத்தல் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று ஆராயும் விசாரணைக் குழுவுக்குச் சில வாரங்களிலேயே தலைவரானார். பழைய சம்பளத்துக்கு மேலே புதிய சம்பளம்.

"றன் சரியாச் சொல்லுறான்" என்றான் பக்கத்தில் இருந்த ஒரு வவுனியாப் பொடியன்.

"நான்தான் பழக்கினது" என்றான் கிருபானந்தன்.

குழுவின் முதல் பலன் கிருபானந்தனுக்கே கிடைத்தது. தாமதம் இல்லாமல் நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய நாள் தாரிணி போனில் விளக்கிச் சொன்னாள். நாடு கடத்தப்படுகிறவர் குடும்பத்திடம் சொல்லும் கடைசிச் சொல்லையும் இப்போது பதிவு செய்கிறார்கள். மூன்று வருடம் வரக் கூடாது என்பது சாதாரணத் தடை. அது முடிந்தால் விண்ணப்பிக்கலாம், மகளைப் பார்க்க வரலாம், கிடைக்காவிட்டாலும் கேட்கவாவது கேட்கலாம். ஆனால் 'வாறன்' என்று சொன்னால், அனுமதியில்லாமல் மறுபடி நுழையும் எண்ணம் என்று எழுதுவார்கள். அப்போது தடை ஆயுளுக்கும்.

"தயவுசெஞ்சு அண்ணா. அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. அந்த இன்னொண்ணு இருக்கே, அதைச் சொல்லுங்க. பேசாம இருந்தா நீங்க ஒத்துழைக்கலைன்னு எழுதுவாங்க."

"விளங்குது தங்கச்சி."

சந்திப்பு அறையில் மேசை, கதிரை எல்லாம் தரையோடு பூட்டியிருந்தன. வசந்தினி வேலையுடுப்போடு வந்திருந்தாள். ஆரணி பாடசாலைத் தொப்பியைக் கழற்றவில்லை. ஓர் அதிகாரி பக்கத்தில் நின்றார். மேசையில் தொலைபேசி, அதற்குள் மெல்பேர்னிலிருந்து முகம் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் அவன் அம்மாவுக்கு வாங்கிய பிரஷர் குளிசை எந்தப் பையில் இருக்கிறது என்று வசந்தினி சொன்னாள். விமான நிலையத்தில் யார் நிற்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. யார் நிற்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அதிகாரி மணிக்கூட்டைத் தட்டினார்.

"ஸீ யூ, அப்பா" என்றாள் ஆரணி. அதிகாரி அதை எழுதவில்லை. அவள் இந்த நாட்டுப் பிரஜை.

கிருபானந்தன் எழுந்தான். கதவுவரை போனான். வசந்தினிக்கும் எல்லாம் தெரியும். தாரிணி அவளுக்கும் சொல்லியிருந்தாள். இருந்தாலும் அவள் எழுந்து பின்னால் வந்தாள்.

"சொல்லிப்போட்டுப் போங்கோவன்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"போறன்."

வசந்தினியின் கை அவன் வாயைப் பொத்தியது. அதற்குள் சொல் வெளியே வந்துவிட்டிருந்தது.

அதிகாரி தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "என்ன சொன்னார்?"

"போகிறேன் என்கிறார்" என்றது குரல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

"வேறேதும்?"

"வேறேதும் இல்லை."

அதிகாரி குறித்துக்கொண்டார். இந்த நாட்டில் கிருபானந்தன் பேசியதில், சொன்னது சொன்னபடியே ஏற்றுக்கொள்ளப்பட்ட முதல் சொல் அது.